முதல் ஊசி தனக்கே: வால்டெமர் ஹாஃப்கின் வாழ்க்கை



நம் கூட்டமைப்பு மலருக்காகக் குழுவுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். வேலு நாச்சியார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அன்னை தெரசா என்று நல்ல பெயர்களையெல்லாம் மற்ற குழுக்காரங்க முன்னாடியே எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கொண்டது வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானியை. வெளிநாட்டுக்காரர், அதிலும் ஆண். மகளிர் மலரில் இவருக்கு என்ன இடம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நம்மில் பலருக்குத் தறி ஒரு கை, அடுப்பு ஒரு கை. பள்ளிக்கூடத்துக் காலை உணவு, கேன்டீன், விசேஷ வீட்டுச் சமையல் என்று ஊருக்குச் சமைக்கிற சகோதரிகள் நம் கூட்டமைப்பில் நிறைய. உணவு சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, அதற்கான பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது மூன்று கேள்விகள் எழுந்தன. நல்லா இருக்கிற உடம்புக்கு எதற்கு ஊசி என்பது ஒன்று. ஊசி போட்டுக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் தறியில் உட்கார முடியாவிட்டால் கூலிக்கு யார் பொறுப்பு என்பது இரண்டாவது. ஊசியால் எங்கோ யாரோ இறந்துபோனதாகச் சொல்கிறார்களே, அது நிஜமா என்பது மூன்றாவது.

மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். இந்த மூன்றையும் 130 வருஷத்துக்கு முன்பே நம் நாட்டில் நேருக்கு நேர் சந்தித்தவர் ஹாஃப்கின். அதனால்தான் அவர் கதையை எழுதுகிறேன்.

வேலை கிடைக்காத படிப்பாளி

கருங்கடல் ஓரத்தில் ஒடெசா என்று ஒரு துறைமுக நகரம். இன்றைக்கு அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அங்கே 1860 மார்ச் 15-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹாஃப்கின். அந்தக் காலத்தில் ரஷ்யாவில் யூதர்களாகப் பிறந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கும்பல் கும்பலாக வந்து வீடுகளை உடைப்பார்கள், அடிப்பார்கள். இளைஞனாக இருந்த ஹாஃப்கின், தன் ஜனங்களைக் காக்கச் சேர்ந்த குழுவில் நின்று அடிபட்டார், கைதும் ஆனார். அவருடைய பேராசிரியர் மெச்னிகோவ் தலையிட்டுத்தான் வெளியே வந்தார். இந்த மெச்னிகோவ் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய பெரிய விஞ்ஞானி.

நன்றாகப் படித்தும் ஊரில் தகுந்த வேலை இல்லை. மதம் மாறினால் வேலை உண்டு என்ற நிலை. அவர் மாறவில்லை. 1888-ல் நாட்டை விட்டுக் கிளம்பி சுவிட்சர்லாந்து போனார். அடுத்த வருஷம் பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரத்தில், வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்த லூயி பாஸ்டரின் நிலையத்தில் சேர்ந்தார். அங்கே காலியாக இருந்தது நூலக உதவியாளர் வேலைதான். ஆராய்ச்சி செய்ய வந்தவர் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கிருமிகளைப் பற்றிப் பாடுபட்டார். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் வயலின் வாசிப்பார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

முதல் ஊசி

அப்போது உலகத்தையே ஆட்டிவைத்தது வாந்திபேதி என்கிற காலரா. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவார். இந்தக் கிருமியைக் கொண்டே தடுப்பூசி செய்ய முடியுமா என்று ஹாஃப்கின் முயன்றார்.

தடுப்பூசி என்பது என்ன? திருடனை வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் அவன் முகத்தைக் காவல்காரனுக்குக் காட்டி வைப்பது மாதிரி. வலுக்குறைந்த கிருமியையோ செத்த கிருமியையோ அளவாக உடம்பில் செலுத்தினால், உடம்பு அதை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளும். பிறகு நிஜக் கிருமி வரும்போது உடனே எதிர்த்து நிற்கும்.

முயலிலும் கினிப்பன்றியிலும் சோதித்தாகிவிட்டது. மனிதனுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. 1892 ஜூலை 18-ல் ஹாஃப்கின் அந்த ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டார். காய்ச்சல் வந்தது, ஊசி போட்ட இடம் வலித்தது. எப்போது தொடங்கியது, எப்போது தணிந்தது என்று எல்லாவற்றையும் குறித்து வைத்தார். சில நாள் இடைவெளி விட்டு இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டார். தான் எழுந்து நடமாடிய பிறகுதான் நண்பர்களுக்குப் போட்டார்.

ஐரோப்பாவில் அவர் கண்டுபிடிப்பைப் பலர் நம்பவில்லை. காலரா மிகுந்திருந்த இடம் இந்தியா. முன்பு இங்கே வைஸ்ராயாக இருந்த டஃப்ரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதர். அவர் உதவியால் வழி பிறந்து, 1893 மார்ச்சில் கல்கத்தாவில் வந்து இறங்கினார் ஹாஃப்கின். வயது 33.

கல்கத்தா குடிசைகளில்

இங்கேயும் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அவர் டாக்டர் படிப்பு படித்தவர் இல்லை, விலங்கியல் படித்தவர். ரஷ்யாக்காரர் என்பதால் அரசாங்கத்துக்குச் சந்தேகம். வெள்ளைக்காரர் கையில் ஊசி என்பதால் ஜனங்களுக்குப் பயம். வட இந்தியாவில் ஊர் ஊராகப் போனார். கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அவர் முறை.

1894-ல் கல்கத்தாவின் காட்டால் பாகான் என்ற குடிசைப் பகுதியில் காலரா வந்தது. குளத்துத் தண்ணீரில் கிருமி. ஹாஃப்கின் தன்னோடு வங்காள டாக்டர்களை அழைத்துக்கொண்டு போனார். ஜனங்களோடு அவர்கள் பாஷையில் பேச ஆள் வேண்டுமே! அப்படியும் தயங்கினார்கள். எல்லார் கண்ணெதிரிலும் தனக்கு ஊசி போட்டுக் காட்டினார். அங்கே இருந்த சுமார் 200 பேரில் 116 பேர் முன்வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடிசைகளில் காலராவால் இறந்தவர்கள் எல்லாரும் ஊசி போடாத பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடவில்லை, பிறகு யாருக்கு என்ன ஆனது என்று இரண்டு பக்கமும் கணக்கு எழுதினார் பாருங்கள், அதுதான் அவர் பலம். நம் குழுவில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுகிற மாதிரி. வாய்ச்சொல்லை நம்பாதவர்களும் அந்தக் கணக்கை நம்பினார்கள். 1895-க்குள் 42,000 பேருக்கு மேல் ஊசி போட்டு முடித்தபோது அவருக்கே மலேரியா வந்து உடம்பு ஓய்ந்துவிட்டது. ஐரோப்பா போய்த் தேறி, மறுபடியும் இங்கேயே திரும்பினார்.

பம்பாயில் பிளேக்

1896-ல் பம்பாயில் பிளேக் என்ற கொள்ளை நோய் புகுந்தது. அரசாங்கம் அவசர அவசரமாக 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. கொரோனா வந்தபோது நம் காலத்திலும் எடுத்துப் பயன்படுத்தினார்களே, அதே சட்டம்தான். வீடு புகுந்து சோதனை, நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோய் முகாமில் போடுவது, சாமான்களைக் கொளுத்துவது என்று கெடுபிடி. பெண்களையும் அன்னிய ஆண்கள் தொட்டுச் சோதித்ததில் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். நாம் எல்லாரும் போற்றுகிற சாவித்திரிபாய் புலே அந்தப் பிளேக்கில்தான் போனார். புனேயில் நோயாளிகளுக்குச் சேவை செய்துகொண்டிருந்தவர், தானே நோய் தொற்றி 1897 மார்ச் 10-ல் காலமானார்.

ஹாஃப்கினுக்கு பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு நடைபாதையும் கொடுத்தார்கள். ஒரு எழுத்தர், மூன்று உதவியாட்கள், அவ்வளவுதான் படை. அவர் செய்த பக்குவத்தைக் கேட்டால் நமக்குப் பிடிக்கும். இறைச்சி ரசத்தில் கிருமியை வளர்த்தார். இந்துக்கள், முஸ்லிம்கள் இருவர் மனதும் நோகக்கூடாது என்று மாடும் பன்றியும் தவிர்த்து ஆட்டிறைச்சி எடுத்தார். மேலே சில சொட்டு நெய் மிதக்கவிட்டார். நெய்யைப் பிடித்துக்கொண்டு கிருமி ஆலம் விழுது மாதிரி கீழே தொங்கி வளரும். அவ்வப்போது குலுக்கி விழுதை உதிர்த்துவிட, மறுபடி வளரும். இப்படி ஐந்தாறு வாரம். பிறகு சூடுபடுத்தி அத்தனை கிருமியையும் கொன்றுவிட்டு, அதைத்தான் தடுப்பூசியாக எடுத்தார்.

1897 ஜனவரி 10-ல் பிளேக் ஊசியையும் முதலில் தனக்குத்தான் போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குப் போடுவதைவிட மூன்று மடங்குக்கு மேல் அளவு. கடுமையான காய்ச்சல் வந்தது, சில நாளில் தணிந்தது. அதே மாதம் பைகுல்லா சிறையில் பிளேக் வந்தபோது, முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். போடாதவர்களைவிடப் போட்டவர்களில் நோயும் சாவும் வெகுவாகக் குறைந்திருந்தன.

இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான் அப்போது இருபது வயதை எட்டாத இளைஞர். அவர் தன் ஜனங்கள் பார்க்கும்படி ஊசி போட்டுக்கொண்டார், ஹாஃப்கினுக்கு இடமும் கொடுத்து உதவினார். தலைவர் கை நீட்டியதைப் பார்த்து ஜனங்களும் நீட்டினார்கள். 1899-ல் பரேல் பகுதியில் கவர்னர் மாளிகையாக இருந்த கட்டடமே அவருடைய ஆய்வுக்கூடம் ஆனது.

53-என் என்ற பாட்டில்

இனி வருவது மூன்றாவது கேள்விக்கான இடம். மறைக்காமல் எழுதுகிறேன்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். அதில் 19 பேருக்குச் சில நாளில் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்தது. தனுர்வாதம் என்று நம் பெரியவர்கள் சொல்கிற டெட்டனஸ். 19 பேரும் இறந்துபோனார்கள். 19 வீட்டில் விளக்கு அணைந்தது.

பழி முழுக்க ஹாஃப்கின் தலையில் விழுந்தது. அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது. கார்பாலிக் அமிலம் சேர்க்காமல் சூட்டினால் மட்டும் சுத்தப்படுத்தும் முறைக்கு அவர் மாறியிருந்ததைக் குற்றமாகக் காட்டினார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மனமுடைந்து இந்தியாவை விட்டுப் போனார்.

ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண் இருந்தது, எந்த பாட்டிலில் யாருக்குப் போட்டோம் என்ற பதிவும் இருந்தது. அதைப் பார்த்தால், இறந்த 19 பேருக்கும் போட்டது 53-என் என்ற ஒரே பாட்டில். அன்றைக்கு அதே ஊரில் மற்ற பாட்டில்களிலிருந்து போட்டவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. இன்னொரு விஷயமும் சாட்சியத்தில் இருந்தது. அந்த பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்யாமல், மருந்துத் தண்ணீரில் நனைத்தெடுத்து அப்படியே மூடியைத் திறந்துவிட்டார். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது. மண்ணிலிருந்து இடுக்கிக்கு, இடுக்கியிலிருந்து மூடிக்கு, மூடியிலிருந்து மருந்துக்கு.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட பத்து விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவருக்காக எழுதினார்கள். அந்த வருஷக் கடைசியில் பழி நீங்கியது. ஐந்து வருஷம் ஆயிற்று. திரும்பவும் கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். ஆனால் பழைய பொறுப்பு, பழைய ஆய்வுக்கூடம் கிடைக்கவில்லை. புதிய ஊசிகளைச் சோதிக்கவும் அனுமதி இல்லை. 55 வயதில் ஓய்வு பெற்று ஐரோப்பா போய்விட்டார். 1930 அக்டோபர் 26-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

ஒரு இடுக்கியைத் தீயில் காட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததில் 19 உயிர் போனது, ஒரு நல்ல மனிதரின் உழைப்பும் பாதியில் நின்றது. மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, போடுகிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும். இன்றைக்கு ஒவ்வொருவருக்கும் புது ஊசி பிரித்துப் போடுவது இதற்காகத்தான். நம் கண் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

1925-ல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1897-லிருந்து அந்த வருஷம் வரை அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் பிளேக் ஊசி போயிருந்தது. இன்றும் மும்பையில் ஹாஃப்கின் நிலையம் இருக்கிறது. அவர் பெயரில் உள்ள நிறுவனத்தில் போலியோ சொட்டு மருந்தும் தயாராகிறது. 1964-ல் இந்திய அரசு அவர் படம் போட்டுத் தபால் தலை வெளியிட்டது.

டைபாய்டு ஊசி வந்த கதை

ஹாஃப்கினின் காலரா ஊசியைப் பார்த்து அதே வழியில் போனவர் ஆல்ம்ராத் ரைட் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. டைபாய்டு கிருமியைச் சூட்டில் கொன்று 1896-ல் ஊசி செய்தார். அதே சமயத்தில் ஜெர்மனியிலும் செய்தார்கள். 1898-ல் பிளேக் விசாரணைக் குழுவில் ஒருவராக இந்தியா வந்த ரைட், இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் விருப்பப்பட்ட சுமார் 4,000 பேருக்கு டைபாய்டு ஊசி போட்டார். முதல் உலகப் போரில் அந்த ஊசி எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. இந்த ரைட் பெண்களுக்கு ஓட்டுரிமை தரக்கூடாது என்று தனியாக ஒரு புத்தகமே எழுதிய ஆசாமி. அவர் பேச்சைத் தள்ளிவிட்டு, ஊசியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்!

அன்றைய ஊசியில் காய்ச்சலும் வலியும் அதிகம். இன்றைக்குக் கிருமியின் மேலுறையில் உள்ள பொருளை மட்டும் எடுத்துச் செய்கிறார்கள். அதைப் புரதத்தோடு இணைத்த புது வகை ஊசி நம் பக்கத்து ஹைதராபாத்தில் தயாராகிறது. ஆறு மாதக் குழந்தைக்கும் போடலாம். 2018-ல் நவி மும்பை மாநகராட்சி அதைக் குழந்தைகளுக்குப் போட்டது. உலகத்திலேயே ஒரு அரசு அமைப்பு அந்த ஊசியை அப்படிப் போட்டது அதுதான் முதல் முறை.

நம் மூன்று கேள்விகள்

நல்ல உடம்புக்கு எதற்கு ஊசி? டைபாய்டு வந்த பிறகு ஊசி போட்டுப் பயனில்லை, வருமுன் போட வேண்டும். இந்தக் கிருமி தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருகிறது. சிலருக்கு நோய் தணிந்த பிறகும் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். ஆள் நன்றாக இருப்பார், அவர் கையால் சமைத்ததில் மற்றவருக்கு வரும். ஊசி மட்டும் போட்டால் போதும் என்றும் நினைக்கக்கூடாது. நூற்றுக்கு நூறு காக்கும் ஊசி இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், கக்கூஸ் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கூடவே வேண்டும்.

கூலி போகுமே? ஊசி போட்ட இடத்தில் வலி, சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் லேசான காய்ச்சல் வரலாம். உண்மைதான். டைபாய்டு வந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் வீட்டுக்காரர் படுத்ததில் தறியில் ஏற்றிய பாவு ஒரு மாதம் அப்படியே நின்றது. புடவை அறுக்காமல் கூலி ஏது? வீட்டுச் செலவு, மருந்துச் செலவு இரண்டுக்கும் குழு உள்கடன்தான் கைகொடுத்தது. அதை அடைக்க ஏழு மாதம் ஆனது. இரண்டு நாளா, ஒரு மாதமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊசியால் சாவு வருமா? முல்கோவால் கதையை எழுதிவிட்டேன். கர்ப்பமாக இருப்பவர்கள், அன்றைக்குக் காய்ச்சல் இருப்பவர்கள், முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன ஊசி, எந்தத் தேதி, பாட்டிலில் உள்ள எண் என்ன, அடுத்தது எப்போது என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில வகை ஊசியை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டியிருக்கும். அட்டையைச் சேமிப்புப் புத்தகத்தோடு வையுங்கள், தொலையாது.

எங்கள் குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். முகாம் நடக்கும் நாளில் சமையல் வேலை பார்க்கிற சகோதரிகளை வரிசையில் நிறுத்திவிட்டு நிர்வாகிகள் வேடிக்கை பார்க்கக்கூடாது. ஊக்குநர் முதலில், பிரதிநிதிகள் அடுத்து, அதன் பிறகு உறுப்பினர்கள். தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஊக்குநர் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது. மற்ற குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.